தலைக்குள் ஒரு சாட்சி

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சலுகை உண்டு. தான் படைத்த எந்தப் பாத்திரத்தின் தலைக்குள்ளும் அவன் நினைத்த மாத்திரத்தில் நுழைந்துவிடலாம். வெளியே சிரித்துக்கொண்டிருக்கும் கதாநாயகி உள்ளே அழுதுகொண்டிருக்கிறாள் என்று அவன் எழுதினால், வாசகர்கள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்கிறார்கள். 'அது உனக்கு எப்படித் தெரியும்?' என்று யாரும் கேட்பதில்லை. இருபது வருஷங்களாக இந்தச் சலுகையை அனுபவித்து வருகிறவன் நான்.

வாழ்க்கையில் இந்தச் சலுகை எவருக்கும் கிடையாது. எதிரில் உட்கார்ந்து காப்பி குடிக்கிற நண்பனின் தலைக்குள் என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. பத்து மாதம் சுமந்து பெற்ற தாய்க்குக்கூடத் தன் பிள்ளையின் தலைக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது. தெரியாமல் இருப்பதும் ஒரு வகையில் நல்லதுதான், அதனால்தான் குடும்பங்கள் கலகமில்லாமல் நடக்கின்றன என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் இந்த வேடிக்கை செல்லாத வீடுகள் சில உண்டு. அந்த வீடுகளில் தலைக்குள் என்ன நடக்கிறது என்பது உயிர் சம்பந்தமான கேள்வி. எண்ணங்களைப் பற்றிய கேள்வியல்ல அது; தண்ணீரைப் பற்றிய கேள்வி.

சளி பிடித்துத் தலை கனத்தால் நம் பக்கத்தில், 'தலையில் நீர் கோத்துக்கொண்டது' என்று சொல்லி, நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அந்த நீர் அல்ல. மண்டையோட்டுக்குள், மூளையின் நடுவிலுள்ள அறைகளிலும் அதன் வெளிப்புறத்திலும், தெளிந்த நீர் போன்ற ஒரு திரவம் ஓயாமல் ஊறிக்கொண்டிருக்கிறது. வளர்ந்த மனிதனுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லி லிட்டர் ஊறுகிறது. ஆனால் எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது சுமார் 150 மில்லி லிட்டர்தான். ஊறுவதும் வடிவதுமாக ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் அது தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. கிணற்று ஊற்றைப் போல என்று சொல்லலாம்.

வடிகிற வழி அடைபட்டுப் போனால்? ஊறுவது மட்டும் நிற்பதில்லை. கைக்குழந்தையாக இருந்தால், மண்டையோட்டின் எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று கூடாத பருவமாதலால், தலை பெருக்கிறது. வளர்ந்தவர்களாக இருந்தால் எலும்பு இடம் கொடுப்பதில்லை, மூளைதான் நசுங்குகிறது. வைத்திய உலகம் இதற்கு ஹைட்ரோசெஃபாலஸ் என்று பெயர் வைத்திருக்கிறது.

இதற்கு மருந்தில்லை. வழி அடைபட்டால் வேறு வழி வெட்டிவிட வேண்டும். மூளையின் அறையிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் போன்ற குழாயைத் தோலுக்கடியில், காதின் பின்புறமாகக் கழுத்தில் இறக்கி, மார்பின் வழியாக வயிற்றுக்குள் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே வடிகிற நீரை உடம்பே உறிஞ்சிக்கொள்கிறது. நடுவே ஒரு வால்வு. நீர் ஒரே திசையில், ஓர் அளவோடு செல்லும்படி அது பார்த்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டுக்கு 'ஷன்ட்' என்று பெயர்.

இந்த வால்வின் சரித்திரத்தில் இரண்டு தகப்பன்மார்களை நான் சந்தித்தேன். அவர்களைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

முதலாமவர் ஜான் ஹோல்டர். அமெரிக்காவில், பிலடெல்பியாவில் ஒரு பூட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கருவித் தொழிலாளி. 1955-இல் அவருக்குப் பிறந்த ஆண் குழந்தைக்கு இந்த வியாதி இருந்தது. அந்நாளில் இருந்த வால்வுகள் அடிக்கடி அடைத்துக்கொண்டன. குழந்தைக்குச் சிகிச்சை செய்த யூஜின் ஸ்பிட்ஸ் என்ற டாக்டரிடம் விஷயத்தைக் கேட்டறிந்து, வீட்டுப் பட்டறையில் உட்கார்ந்து சிலிக்கோன் என்ற புதுப் பொருளைக் கொண்டு ஹோல்டர் ஒரு வால்வு செய்தார். உலகெங்கும் எத்தனையோ குழந்தைகள் அந்த வால்வினால் பிழைத்தார்கள். ஹோல்டரின் மகன் பிழைக்கவில்லை. பால்யத்தைத் தாண்டாமலே போய்விட்டான்.

இரண்டாமவர் என் ஜாதிக்காரர். ஆம், கதை எழுதுகிற ஜாதி. குழந்தைகளுக்காக எழுதிப் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் ரோல்ட் டால். 1960 டிசம்பரில் நியூயார்க் வீதியில், அவருடைய நான்கு மாதக் கைக்குழந்தை இருந்த தள்ளுவண்டியின் மீது டாக்ஸி ஒன்று மோதிவிட்டது. மண்டை அடிபட்டதில் உள்ளே நீர் கோத்துக்கொண்டது. குழாய் வைத்தார்கள், அடைத்துக்கொண்டது. எடுத்து மறுபடி வைத்தார்கள்; மறுபடி அடைத்துக்கொண்டது. டால், விளையாட்டு விமானங்களுக்குச் சிறு எஞ்சின்கள் செய்வதில் கெட்டிக்காரரான ஸ்டான்லி வேட் என்ற எஞ்சினீயரையும், லண்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் மூளை நிபுணரான கென்னத் டில் என்பவரையும் ஒன்று சேர்த்தார். 1962-இல் மூவர் பெயரையும் தாங்கி ஒரு வால்வு பிறந்தது. அது தயாரான சமயத்தில் டாலின் மகன் தேறிவிட்டிருந்தான். அவனுக்கு அது தேவைப்படவில்லை. மற்ற பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அதனால் பயனடைந்தார்கள். மூவரும் அதிலிருந்து லாபம் எடுத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்துகொண்டார்கள்.

ஒருவர் மகனுக்குப் பலிக்கவில்லை. இன்னொருவர் மகனுக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பயிர் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளைந்தது. தன் பிள்ளைக்காகத் தொடங்கின காரியம் ஊரார் பிள்ளையில் போய் முடிகிறதென்றால், தர்மம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எனினும் கதை அங்கே முடிந்துவிடவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் குழாய்கள் அடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. குழந்தைகளுக்கு வைக்கப்படும் ஷன்ட்டுகளில் நூற்றுக்கு நாற்பது போல முதல் வருஷத்திலேயே கெட்டுவிடுகின்றன. இரண்டு வருஷங்களுக்குள் ஏறக்குறையப் பாதி. கெட்டுப் போகிறபோது அது மணியடித்துச் சொல்வதில்லை. தலைவலி வருகிறது. வாந்தி வருகிறது. குழந்தை சோர்ந்து படுத்துக்கொள்கிறது. எந்தக் குழந்தைக்குத்தான் இவை வருவதில்லை? கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி. வெயிலில் விளையாடினால் தலைவலி. சாதாரணக் காய்ச்சலென்றால் சோர்வு. மற்ற தாய்மார்கள் ஒரு கஷாயத்தோடு நிறுத்திக்கொள்ளும் இடத்தில், இந்தக் குழந்தையின் தாய் நடுங்க வேண்டியிருக்கிறது.

அவள் முன்னால் இரண்டு வழிகள். இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். படம் எடுப்பார்கள், கதிர்கள் பாயும், சில சமயம் ஊசி குத்தி நீரின் அழுத்தம் பார்ப்பார்கள். பத்துத் தடவை ஓடினால் பல தடவை, 'ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்' என்பார்கள். ஓடாமல், 'விடியட்டும், பார்க்கலாம்' என்று இருக்கலாம். உண்மையாகவே அடைத்திருந்தால், விடிவதற்குள் பார்வை போகலாம்; உயிரே போகலாம். ஒவ்வொரு முறையும் அவள் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வாழ்நாள் முழுதும் இப்படி நள்ளிரவில் தீர்ப்புச் சொல்லும்படி எந்த நீதிபதியையும் நாம் வைத்ததில்லை.

இந்தத் தாய்க்காகத்தான் விஞ்ஞானிகள் இப்போது ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். ஜெர்மனியில், போட்ஸ்டாமில் உள்ள மீத்கே என்ற கம்பெனி, ஷன்ட்டுடன் சேர்த்துத் தோலுக்கடியிலேயே பதித்து வைக்கும் சிறிய சென்சார் ஒன்றைச் செய்திருக்கிறது. அதற்குள் பாட்டரி கிடையாது. வெளியிலிருந்து ஒரு கருவியைத் தலையருகே பிடித்தால், கம்பியில்லாமலே அந்தக் கருவி கொடுக்கும் சக்தியை வாங்கிக்கொண்டு, மண்டைக்குள் அழுத்தம் இவ்வளவு என்று அது எண்ணாகச் சொல்லுகிறது. ஊசி இல்லை, ரத்தம் இல்லை. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலைக்காரர்கள் இன்னொரு வழி கண்டார்கள். 2018-இல் அவர்கள் வெளியிட்ட கருவி, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி போன்றது. குழாய் ஓடும் இடத்தில் தோலின் மேல் ஒட்டினால், லேசாகச் சூடு காட்டி, அந்தச் சூட்டை உள்ளே ஓடும் நீர் எந்தப் பக்கம் இழுத்துச் செல்கிறது என்று பார்த்து, நீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று கூறிவிடும். குழாயின் உள்ளேயே உட்கார்ந்து ஓட்டத்தை அளக்கும் சென்சார்களுக்கான ஆய்வுகளும் நடக்கின்றன.

ஆக, கதாசிரியனுக்கு மட்டும் இருந்த சலுகையில் ஒரு சிறு துண்டு, ஒரு தாய்க்கும் கிடைத்திருக்கிறது. நான் பொறாமைப்படவில்லை, கைகூப்புகிறேன். ஆனால் கைகூப்பிய பிறகும் மனத்தில் சில கேள்விகள் நிற்கின்றன.

எப்போதும் தெரிந்துகொண்டே இருப்பது நிம்மதியா என்பது முதல் கேள்வி. அறியாமையில் ஒரு சுகம் இருக்கிறது, அதைக் கலைக்காதே என்று சொல்லுகிற வேதாந்திகள் நம்மிடையே உண்டு. அவர்களை நான் மறுக்கிறேன். அந்தத் தாய் அனுபவிப்பது அறியாமையின் சுகமல்ல, அறியாமையின் சித்திரவதை. கதவுக்குப் பின்னால் பாம்பு இருக்கிறதா கயிறு இருக்கிறதா என்று தெரியாமல் இரவெல்லாம் விழித்திருக்கிறவளிடம், 'விளக்கு ஏற்றாதே, இருட்டில்தான் அமைதி' என்று சொல்லுவது ஞானமல்ல, கல்நெஞ்சம்.

ஆனால் விளக்கு ஏற்றுவது வேறு. விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பது வேறு. எண் கிடைக்கிறது என்பதற்காகக் காலையில் ஒரு தடவை, சாப்பிட்டதும் ஒரு தடவை, தூங்கும்போது ஒரு தடவை என்று கருவியைத் தூக்கிக்கொண்டு குழந்தையின் பின்னாலேயே அலைகிற வீடு எப்படியிருக்கும்? அந்த எண் பொல்லாத எண். படுத்திருக்கும்போது ஒன்று சொல்லும்; எழுந்து நின்றால் மண்டைக்குள் அழுத்தம் சுழிக்கும் கீழே இறங்கிவிடலாம். இருமினால் ஏறும், அழுதால் ஏறும். நன்றாக வேலை செய்கிற ஷன்ட்டில்கூட நீர் இடைவிடாமல் ஓடுவதில்லை, விட்டுவிட்டு ஓடுகிறது. 'ஓட்டமில்லை' என்று கருவி சொன்ன நொடியில் குடிமுழுகிப் போனதாகப் பொருளில்லை. உடம்புக்குள் வைத்த சென்சார்கள் நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடம் புரள்வதும் உண்டு. எனவே எண்ணைப் படிப்பது எளிது. எண்ணுக்குப் பொருள் தெரிந்துகொள்வது எளிதல்ல. ராமாயணம் படிக்க எழுத்துத் தெரிந்தால் மட்டும் போதுமா?

இரண்டாவது கேள்விதான் என்னை அதிகமாக அலைக்கழிக்கிறது.

ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். எந்த ஊர் வீடாகவும் இருக்கட்டும். பதினான்கு வயதுப் பெண். கைக்குழந்தையிலிருந்தே தலையில் குழாய். அதனோடு இப்போது சென்சாரும். பரீட்சை நாள் காலையில், "அம்மா, தலை வலிக்குது" என்கிறாள். தாய் கருவியை எடுத்துப் பார்க்கிறாள். எண் சரியாக இருக்கிறது. "ஒண்ணுமில்லையேடி, எல்லாம் சரியாத்தானே இருக்கு! பரீட்சைக்குப் பயந்துக்கிட்டு நடிக்கறியா?" என்கிறாள்.

இந்த இடத்தில் என்ன நடந்துவிட்டது என்று கவனியுங்கள். நேற்று வரைக்கும் அந்தத் தலைக்கு ஒரே சாட்சி அந்தப் பெண்தான். அவள் வலிக்கிறது என்றால் வலிக்கிறது. அம்மா அவள் முகத்தைப் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள், நெற்றியில் கை வைப்பாள். பிறகு ஒரு முடிவுக்கு வருவாள். இன்று இரண்டாவது சாட்சி ஒன்று வந்துவிட்டது. அது பேசத் தெரியாத குழந்தைக்காகப் பேசுவதற்கென்று வைக்கப்பட்ட சாட்சி. ஆனால் குழந்தை வளர்ந்து தானே பேசத் தொடங்கியதும், அவளுக்கு எதிர்க்கட்சியின் சாட்சியாக அது கூண்டில் ஏறி நிற்கிறது. அவளுடைய உடம்பிலேயே இருந்துகொண்டு அவளைப் பொய்க்காரி என்கிறது.

அழுத்தம் சரியாக இருந்தும் தலை வலிக்கக் கூடாதா? தாராளமாக வலிக்கலாம். நம்மில் யாருக்கு வலிக்கவில்லை? சில பேருக்கு நீர் அளவுக்கு மிஞ்சி வடிந்துவிடுவதாலும் வலிக்கும். உண்மையிலேயே பரீட்சைக்குப் பயந்து வலித்தாலும், அந்த வலியும் வலிதானே? சென்சாருக்குத் தெரிந்தது அழுத்தம். வலி அதற்குத் தெரியாது. அழுத்தத்தை அளக்கலாம். வலியைக் கேட்கத்தான் முடியும். கேட்டால், நம்பத்தான் வேண்டும்.

இதைச் சொல்லும்போது யந்திரத்தின் மீது எனக்குப் பகை என்று யாரும் எண்ண வேண்டாம். மறுபக்கமும் உண்டு. அதே பெண் சுற்றுலாப் போகும் ஆசையில், வலியை மறைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்லைம்மா" என்று சிரிக்கக் கூடும். அப்போது அந்தச் சிறு யந்திரம், 'இல்லை, இவளைக் கவனியுங்கள்' என்று சொல்லி அவள் உயிரைக் காப்பாற்றலாம். அவளுக்கு எதிராக அவளுக்காகவே பேசுகிற அந்தச் சாட்சியை நான் எப்படி வெறுப்பேன்? ஆகவே சாட்சி வேண்டாம் என்பதல்ல என் கட்சி. சாட்சியை நீதிபதியாக்கிவிடக் கூடாது என்பதே என் கட்சி. யந்திரம் ஆபத்து என்றால் உடனே நம்புவோம். பிழையானாலும் ஓர் இரவுத் தூக்கம்தான் நஷ்டம். யந்திரம் ஆபத்தில்லை என்றும், குழந்தை வலிக்கிறது என்றும் சொன்னால், குழந்தையை நம்பி டாக்டரிடம் போவோம். இரண்டு சாட்சிகளில் யார் பயத்தைச் சொல்லுகிறாரோ அவர் பக்கம் காது கொடுப்பதுதான் விவேகம்.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்குகிறது. அந்த எண் யாருடைய சொத்து? குழந்தைக்கு இரண்டு வயதென்றால் பெற்றோர் பார்க்கத்தான் வேண்டும், பார்க்காவிட்டால் குற்றம். ஆனால் மைனர் பிள்ளையின் சொத்தைக் கார்டியன் எப்படி வைத்திருக்கிறாரோ, அப்படித்தான் பெற்றோர் அதை வைத்திருக்கிறார்கள். பிள்ளை மேஜரானதும் கணக்கோடு ஒப்படைத்துவிட வேண்டும். இருபது வயதில், என் தலைக்குள் இருப்பதை நானே பார்த்துக்கொள்கிறேன், கேட்டால் சொல்லுகிறேன் என்று அவள் சொன்னால், அதில் திமிர் எதுவுமில்லை. பெற்றோர் பழக்கத்தை விட முடியாமல் கருவியும் கையுமாக நிற்பார்கள், எனக்குத் தெரியும். அன்பு என்பது சுலபத்தில் அதிகாரத்தை விட்டுக்கொடுப்பதில்லை. அன்புக்குரியவர்களே இப்படியென்றால், வேலை கொடுக்கிற முதலாளியும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அந்த எண்ணைக் கேட்டு வரும் நாள் வந்தால் என்ன செய்வது என்று இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

மூன்றாவது கேள்வி நியாயத்தைப் பற்றியது. இந்தச் சாட்சி யாருக்குக் கிடைக்கிறது?

ஆப்பிரிக்காவில், உகாண்டா நாட்டில் மபாலே என்ற ஊர். அங்கே 2000-இல் பெஞ்சமின் வார்ஃப் என்ற அமெரிக்க மூளை நிபுணர் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார். ஹைட்ரோசெஃபாலஸ் குழந்தைகள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். பணக்கார நாட்டு ஷன்ட் ஒன்றின் விலை அப்போது 650 டாலராக இருந்தது. நம் நாட்டில், உத்தரப் பிரதேசத்தில் செய்யப்படும் சாப்ரா ஷன்ட்டின் விலை அப்போது 35 டாலர்தான். 195 குழந்தைகளை வைத்து இரண்டையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்து 2005-இல் முடிவை வெளியிட்டார். ஒரு வருஷப் பலனில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசமில்லை. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

ஆனால் வார்ஃபைத் தூங்கவிடாமல் செய்தது விலை மட்டுமல்ல. ஷன்ட் வைத்து அனுப்பிய குழந்தை, சாலையில்லாத கிராமத்தில், ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் தூரத்தில் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால்? அதனால் அவர் கூடியவரை குழாயே வேண்டாத வழி ஒன்றைத் தேடினார். மூளையின் அறைக்குள் ஒரு சிறு துவாரமிட்டு நீரை உள்ளேயே வேறு பக்கம் திருப்பிவிட்டு, கூடவே நீர் ஊறும் திசுவையும் சுட்டு ஊற்றைக் குறைத்தார். பல குழந்தைகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

இங்கேதான் என் மனம் தடுமாறுகிறது. எச்சரிக்கை மிகவும் தேவைப்படுவது யாருக்கு? ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் இருப்பவளுக்கா, ஒரு நாள் நடந்து வர வேண்டியவளுக்கா? ஓடலாமா வேண்டாமா என்ற கேள்வி, காரில் பத்து நிமிஷத்தில் போகிறவளைவிட, கூலியை இழந்து, கடன் வாங்கி, மற்ற பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறவளுக்கல்லவா நூறு மடங்கு கனமானது? ஆனால் விலையுயர்ந்த சாட்சி முதலில் போய்ச் சேருவது எந்த வீட்டுக்கு என்பது உலக நடப்பு அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. அந்தக் கிராமத்துத் தாயிடம் சென்சாரை மட்டும் கொடுத்துவிட்டு, சாலையும் டாக்டரும் கொடுக்காமல் போனால், நாம் கொடுத்தது என்ன? 'உன் குழந்தை செத்துக்கொண்டிருக்கிறது' என்ற செய்தியை முன்கூட்டிக் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். வழியில்லாத இடத்தில் அறிவு என்பது கூடுதலான துன்பம்.

அறிவுக்கு ஒரு குணம் உண்டு. அது கடனோடு வருகிறது. தெரியாதவரை நாம் நிரபராதிகள். தெரிந்த நிமிஷத்திலிருந்து பொறுப்பாளிகள். தாய்க்குத் தெரிந்தால் அவள் ஓட வேண்டும். டாக்டருக்குத் தெரிந்தால் அவர் எழுந்து வர வேண்டும். உபாயம் இருக்கிறதென்று ஒரு சமூகத்துக்குத் தெரிந்தால், அது எட்டாத வீடுகளை அந்தச் சமூகம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஹோல்டருக்கும் டாலுக்கும் இந்தக் கடன் புரிந்திருந்தது. தங்கள் வீட்டுக் கணக்கு முடிந்த பிறகும் அவர்கள் கடையை மூடவில்லை.

கதாசிரியனின் சலுகையைப் பற்றிச் சொன்னேன். அதில் ஒரு ரகசியம் இருக்கிறது. பாத்திரத்தின் தலைக்குள் நினைத்தபடி நுழைகிற எழுத்தாளன், சில சமயம் அவள் வாய்திறந்து பேச விடாமலே கதையை முடித்துவிடுவான். எல்லாம் தெரியும் என்ற மிதப்பில் செய்கிற காரியம் அது. அப்படிப்பட்ட கதைகளில் உயிர் இருப்பதில்லை. வீடுகளிலும் அப்படி நேர்ந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. தலைக்குள் சாட்சியை வையுங்கள். அது சொல்லுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியில் கை வைத்து, "எப்படிம்மா இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எண் தெரிந்துவிட்டது என்பதற்காக அந்தக் கேள்வியை நிறுத்திவிடாதீர்கள்.